11,800 ரூபாய்க்கு சைலன்சர் பெயின்ட்: இன்டேக் பைப்புக்கு 'ஹீட் கோட்டிங்' அடிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று எனக்கே தோன்றிவிடும். போனது 11,800 ரூபாய்.

என்னுடையது 9 வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். போன தீபாவளி போனஸில், என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் கம்பெனி பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, அலுமினிய இன்டேக் பைப்பும் கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினேன். (வேண்டாம் என்று மச்சான் அன்றைக்கே சொன்னான். அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை.) சத்தம் அருமையாக இருந்தது. வெயில் ஏறியதும் வினை வந்தது. மதியம் அவினாசி ரோடு சிக்னலில் 5 நிமிடம் நின்று கிளம்பினால் வண்டி இழுக்கவே மாட்டேன் என்றது. ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டர் அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) செருகிப் பார்த்தேன். வெளியே 37 டிகிரி. என்ஜினுக்குள் போகிற காற்று 62 டிகிரி.

காற்று சூடாக ஆக அதன் அடர்த்தி குறையும், 3 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம். போதாததற்கு, நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பித் தானாகவே வெடித்து என்ஜின் தட்டுவது) வராமலிருக்க ஈசியு, அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தும். வண்டி சோர்ந்துதான் போகும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட நான், பைப்புக்குக் கோட்டிங் அடித்தால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரீல் கண்ணில் பட்டது. கோவையில் ஒரு கார் மாடிஃபிகேஷன் கடை. பெயர் வேண்டாம். 'செராமிக் ஹீட் கோட்டிங், 40 டிகிரி குறையும், கேரண்டி'. அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். 62-ல் 40 போனால் 22. வெளிக்காற்றே 37 டிகிரி கொதிக்கும்போது, பைப்பில் அடித்த பெயின்ட் எப்படி 22-க்குக் கொண்டுவரும்? பைப்புக்குள் ஏசியா வைத்திருக்கிறார்கள்?

போனேன். டீ வந்தது. கடைப் பையன் கோட்டிங் அடித்த ஒரு சின்னத் தகட்டைக் குறடால் பிடித்து, கேஸ் டார்ச்சில் காட்டினான். தகடு சிவந்தது, பெயின்ட் அப்படியே இருந்தது. "பாத்தீங்களாங்ணா, ஒண்ணுமே ஆகல!" நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அட்வான்ஸ் எடுத்து நீட்டினால் வாங்கவில்லை. "வேலையப் பாத்துட்டுக் குடுங்ணா, காசு எங்க போயிரப்போகுது?" அங்கேதான் விழுந்தேன். முன்பணம் கேட்காதவன் ஏமாற்ற மாட்டான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் மாலை பளபளத்த அலுமினிய பைப் மேட் கறுப்பில், பார்க்க ரேஸ் கார் சாமான் மாதிரி இருந்தது. ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்: 10,000, ஜிஎஸ்டி 1,800, ஆக 11,800. பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல வந்துருங்ணா" என்றார்கள். அங்கேயே நின்று ஜிபே பண்ணினேன். பில் இன்று வரை வரவில்லை.

அதே சிக்னல், அதே மதியம், அதே ஸ்கேனர். 64 டிகிரி. குறையவில்லை, கூடியிருந்தது!

கூப்பிட்டேன். "நூறு கிலோமீட்டர் ஓட்டுங்ணா, செட் ஆயிரும்." ஓட்டினேன். ஆகவில்லை. "ஸ்கேனர் டூப்ளிகேட்டா இருக்குங்ணா." அப்புறம், ஏசி போட்டால் அப்படித்தான் காட்டுமாம். அதற்கடுத்து, ஓனர் பொள்ளாச்சி போயிருக்கிறாராம். நான்கு நாளாகவா பொள்ளாச்சியில் இருப்பார்? பிறகு மெசேஜுக்கு நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை, பிளாக் செய்துவிட்டார்கள்.

இதற்கிடையில் பைப்பில் கொப்புளம் கிளம்பியது. பவுடர் கோட்டிங் பட்டறை நடத்தும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் நகத்தால் ஒரு இழு இழுத்தார்; தயிர் ஆடை மாதிரி சுருண்டு வந்தது. "இது சைலன்சருக்கு அடிக்கிற பெயின்ட்டுங்க தம்பி" என்றார். அந்தப் பெயின்ட் அடுப்பு மாதிரி 200 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் இறுகுமாம். சைலன்சரில் அந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். இன்டேக் பைப் என்றைக்கு 200 டிகிரியைப் பார்த்தது? கடைசி வரை பச்சையாகவே இருந்து உரிந்து வரும். இன்னொன்றும் சொன்னார்: பளபளப்பான அலுமினியம் பக்கத்திலிருந்து அடிக்கிற கதிர்வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்பு அதை உறிஞ்சும். ஆக, இருந்த கவசத்தை அழிக்க 11,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

பெயின்ட் சூட்டைத் தாங்கும், சரி. சூட்டைத் தடுக்குமா? முடி கனத்துக்கு அடித்த பூச்சு எதைத் தடுக்கும்? தடுக்கும் என்றால் அந்தப் பையன் தகட்டைக் கையாலேயே பிடித்திருக்கலாமே, எதற்குக் குறடு? இது அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்று இரவெல்லாம் யோசிக்கிறேன்.

கோட்டிங் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

குழாயின் உட்புறம் பெயின்ட் பட விடாதீர்கள். எனக்கு வாய் ஓரத்தில் ஒரு இஞ்ச் உள்ளேயும் அடித்திருக்கிறார்கள். உரிந்த செதில் த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) வரை போய்விட்டது. பிளாஸ்டிக் மேனிஃபோல்டை (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) ஓவனில் வைத்துக் கோட்டிங் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த நைலான், வகையைப் பொறுத்து, 220 முதல் 260 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகி வளையும். செராமிக் கோட்டிங்குக்கு வேலை இருக்கிற இடம் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம், சூடு கிளம்புகிற இடத்தில். பில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த விசிட்டிங் கார்டும் மட்டும்தான்.

நேற்று பரணில் கிடந்த கம்பெனிக் குழாயை எடுத்துத் துடைத்து மாட்டினேன். அது சூடான என்ஜின் பக்கத்திலிருந்து இல்லாமல், முன்பக்க கிரில்லுக்குப் பின்னாலிருந்து காற்றை இழுக்கிறது. அதே சிக்னலில் 49 டிகிரி. செலவு ஒரு பைசா இல்லை. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலை த்ராட்டில் பாடி கிளீனிங்குக்கு வண்டி விட வேண்டும். அதற்கு 1,500 ரூபாயாம். பில் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன்.