பழைய கணினியைச் சேமிப்பு சர்வராக்க: ட்ரூநாஸா, ஓப்பன்மீடியாவால்ட்டா?

சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியை வீட்டுக் கோப்புகளுக்கான சர்வராக மாற்றத் தேடத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பவை இரண்டு இலவச மென்பொருள்கள்: ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட். இரண்டையும் ஒரே கணினியில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதில் தங்கிவிட்டேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். ட்ரூநாஸின் பழைய பெயர் ஃப்ரீநாஸ்; அது 2005-இல் யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் மேல் தொடங்கியது. அதில் பங்களித்த ஃபோல்கர் டைலே பின்னர் டெபியன் லினக்ஸின் மேல் எழுதியதே ஓப்பன்மீடியாவால்ட். 2020-இல் ட்ரூநாஸ் என்று பெயர் மாறிய ஃப்ரீநாஸும் இப்போது லினக்ஸ் பக்கம் வந்துவிட்டது. 'எது லினக்ஸ்' என்ற பழைய சண்டைக்கு இனி வேலையில்லை.

பொதுவானவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். இரண்டையும் பிரௌசரிலேயே நிர்வகிக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் கோப்புகளைப் பகிரலாம். இரண்டுமே தங்களுக்கென்று ஒரு முழு டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும்; சிறிய எஸ்எஸ்டி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். நெட்வொர்க் போர்ட் கிகாபிட்டா என்று பார்ப்பது இவற்றைவிட முக்கியம். ஒரு டெராபைட்டை நகலெடுக்கக் கிகாபிட்டில் இரண்டரை மணி நேரம் போதும். பழைய 100 மெகாபிட் போர்ட்டில் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

நினைவகம்? ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி கேட்கிறது. ஓப்பன்மீடியாவால்ட் 1 ஜிபியிலேயே எழுந்து நிற்கும். உங்கள் கணினியில் 4 ஜிபிதான் இருக்கிறது, கூட்டவும் வழியில்லை என்றால் கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது.

என்னிடம் 8 ஜிபி இருந்தது. எனக்கு முடிவைச் சொன்னது வேறொரு கேள்வி: ஒரு டிஸ்க் செத்துப்போகும் நாளில் கையில் என்ன மிஞ்சும்? பழைய கணினியில் அந்த நாள் வந்தே தீரும். பவர் சப்ளைக்கு வயதாகிவிட்டது, மதர்போர்டுக்கும் அப்படியே. டிஸ்க்குகளோ வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அளவில் வாங்கிச் சேர்த்தவை.

ட்ரூநாஸ் முழுக்க இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை நம்பியிருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய அருமையான சரக்கு அது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்ளும். ஒரு டிஸ்க்கில் சத்தமில்லாமல் கெட்டுப்போன பகுதியை மற்றவற்றைக் கொண்டு தானே திருத்திவிடும். ஆனால், டிஸ்க்குகள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. என்னிடம் இருந்தவை 4, 4, 2, 1 டெராபைட் டிஸ்க்குகள். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்1 முறையில் அடுக்கினால் எல்லாமே 1 டெராபைட்டாகத்தான் எண்ணப்படும். ஒன்று பாதுகாப்புக்குப் போக, மிச்சம் 3. ஒன்றின் நகல் மற்றதில் இருக்கும்படி இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 5.

ஓப்பன்மீடியாவால்ட்டில் ஸ்நாப்ரெய்டு, மெர்ஜர்எஃப்எஸ் என்ற இரண்டு செருகுநிரல்களைச் சேர்த்தேன். பெரிய டிஸ்க் ஒன்று பாரிட்டிக்குப் போகிறது; அதாவது, செத்த டிஸ்க்கின் கோப்புகளை மீட்க உதவும் கணக்கை ஸ்நாப்ரெய்டு அதில் எழுதி வைக்கும். மற்ற மூன்றின் 7 டெராபைட்டும் கோப்புகளுக்கு. மெர்ஜர்எஃப்எஸ் அவற்றை ஒரே கோப்புறையாகக் காட்டுகிறது. இடம் கூடுதல் என்பது சந்தோஷம்தான், ஆனால் அதற்காக நான் மாறவில்லை. இந்த முறையில் ஒவ்வொரு டிஸ்க்கும் லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கொண்ட தனி டிஸ்க்; ஒரு கோப்பு ஏதோ ஒரு டிஸ்க்கில் முழுசாக இருக்கும், துண்டு துண்டாகச் சிதறாது.

இதன் அருமை 2 டெராபைட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தபோது தெரிந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் படிக்க முடியாத செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதைக் கழற்றி, யுஎஸ்பி கேபிளில் லினக்ஸ் லேப்டாப்புடன் இணைத்தேன். கோப்புறைகள் வழக்கம்போலத் திறந்தன. படிக்க முடிந்ததையெல்லாம் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அடம்பிடித்த சில கோப்புகளை மட்டும் பாரிட்டியிலிருந்து மீட்டேன். ரெய்டு-இசட்1 தொகுதியில் இரண்டு டிஸ்க் போனால் எல்லாமே போச்சு. இங்கே இரண்டு போனாலும் நல்ல டிஸ்க்கில் இருப்பவை அப்படியே இருக்கும்.

இசட்எஃப்எஸ் தொகுதியையும் வேறு லினக்ஸ் கணினிக்கு மாற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் போதுமான டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் இணைத்தாக வேண்டும். மதர்போர்டு புகைந்த நாளில் அதற்கேற்ற இன்னொரு கணினியை எங்கே போய்த் தேடுவது?

ஸ்நாப்ரெய்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். பாரிட்டி அந்தந்த நொடியில் எழுதப்படுவதில்லை; நாம் ஒத்திசைவு ஓட்டும்போதுதான் கணக்கிடப்படுகிறது. இரவு ஒத்திசைவு என்றால், பகலில் சேர்த்த கோப்புக்கு இரவு வரை காவல் இல்லை. அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு: ஒத்திசைவுக்குப் பிறகு ஒரு டிஸ்க்கிலிருந்து நிறையக் கோப்புகளை அழித்துவிட்டு, அந்த நேரம் பார்த்து வேறொரு டிஸ்க் செத்தால், செத்ததை முழுசாக மீட்க முடியாது. ஒரு முறை வைத்தால் பெரிதாக மாறாத புகைப்படம், வீடியோ, கணினிகளின் பேக்கப் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும் தரவுத்தளங்களுக்கு ஆகாது. அப்படிப்பட்ட வேலை இருந்து, ஒரே அளவு டிஸ்க்குகளும் போதிய நினைவகமும் இருந்தால் யோசிக்காமல் ட்ரூநாஸ் பக்கம் போங்கள். வேண்டாத மாற்றம் நடந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் வசதி ஒன்றே போதும், அதைப் பரிந்துரைக்க.

எதை வைத்தாலும் பாரிட்டி பேக்கப் ஆகாது. தவறாக அழித்ததும் வைரஸ் பூட்டியதும் பாரிட்டிக்குள்ளும் ஏறிவிடும். முக்கியமானவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் போர்க்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருள் கொண்டு எடுத்து, கழற்றி வேறிடத்தில் வைக்கிறேன். இன்னொன்று: டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை அதன் விளிம்பில் எழுதி ஒட்டுங்கள். திரையில் எச்சரிக்கை வரும்போது எதைக் கழற்றுவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான அன்ரெய்டு பற்றிக் கேட்பீர்கள். அதிலும் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகப் படிக்கலாம், பாரிட்டியும் உடனுக்குடன் எழுதப்படுகிறது. உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். சோதனைக் காலத்தில் மட்டுமே பயன்படுத்தியதால், நீண்ட கால உழைப்பைப் பற்றி நான் பேசுவது சரியல்ல.

கடைசியாக மின்சாரம். சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் பழைய கணினி, ஆண்டு முழுக்க ஓடினால் 438 யூனிட் ஆகும். கடையில் கிடைக்கும் தயார் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டி இங்கேதான் ஜெயிக்கிறது. என்னுடையது இரவில் பயாஸ் அலாரத்தில் தானே விழித்து, பேக்கப்பும் ஒத்திசைவும் முடிந்ததும் அணைந்துவிடும். பகலில் கோப்பு தேவைப்பட்டால் நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் மூலம் எழுப்பிக்கொள்கிறேன். பகிர்வு திறக்கும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.