ஒயிட் சிமெண்டு + கலர் ஆக்ஸைடு: வீட்டுலயே தொட்டி ஊத்திப் பாத்த ரிவ்யூ

மொட்ட மாடிக்கு வெள்ளத் தொட்டி வாங்கலாம்னு நர்சரிக்குப் போனா ஒண்ணுக்கே ஆயிரத்துக்கு மேல சொன்னான், இத நாமளே ஊத்திக்கிட்டா என்னன்னு வீராப்பா திரும்பி வந்து ரெண்டு மாசமா அஞ்சு கிலோ பை ரெண்ட கரைச்சுட்டு இத எழுதுறேன். சிமெண்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அதுல கலக்கற ஆக்ஸைடு கலர் பொடி பாக்கெட்டுதான் ஆள கவுத்திருச்சு, அதுல பாதி என் அவசரம்.

மொதல்ல வாங்கும்போதே ஒரு கூத்து. தெருமுனை ஹார்டுவேர் கடையில ஒயிட் சிமெண்டு கேட்டா வால் புட்டிய எடுத்து வச்சு "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, இது இன்னும் வழவழன்னு இருக்கும்"ன்னாரு கடைக்காரர். நானும் நம்பி வாங்கியாந்து ஊத்துனேன், மூணு நாள் கழிச்சு அச்ச கழட்டுனா ஓரமெல்லாம் முறுக்கு மாதிரி ஒடிஞ்சு கையோட வருது. புட்டிலயும் ஒயிட் சிமெண்டு இருக்கும்தான், ஆனா கூடவே சுண்ணாம்புக்கல் மாவும் பசையும் நெறைய இருக்கும், செவுத்துல மெல்லிசா இழுக்கத்தான் அது லாயக்கு. பையில ஐஎஸ் 8042ன்னு நம்பர் இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெள்ள சிமெண்டுக்கான இந்தியத் தர நம்பர் அதுதான். பிர்லா ஒயிட், ஜேகே ஒயிட் ரெண்டுமே சின்ன பாக்கெட்டுல கெடைக்கும், நான் ரெண்டயும் ஒவ்வொரு பை ஊத்திப் பாத்தேன், எனக்கு வித்தியாசம் தெரியல.

சரி சிமெண்டு வெள்ளையா இருந்தா தொட்டியும் வெள்ளையா வரும்னு நெனைச்சேன் பாருங்க, அங்கதான் அடுத்த அடி. வீட்டு வேலைல மிஞ்சுன எம்சாண்ட், அதான் கருங்கல்ல ஒடைச்சு செய்யற மணல், ஒரு மூட்ட கெடந்துச்சு, அதப் போட்டேன். வந்தது சாம்பல் கலரு. அம்மா பாத்துட்டு "இதுக்கு சாதா சிமெண்டே போட்டுருக்கலாமேடா"ன்னுட்டாங்க. சாதா சிமெண்டு சாம்பலா இருக்கறதுக்குக் காரணமே அதுல இருக்குற இரும்புதானாம், அத கொறைச்சு செய்யறதாலதான் இது வெள்ள. அப்படி காசு குடுத்து வாங்கிட்டு அதோட தலையில கருப்பு மணல கொட்டுனா என்ன ஆகும்? அப்புறம் மார்பிள் பவுடரும் வெள்ள சிலிக்கா மணலும் பாதிப்பாதி கலந்து, சிமெண்டு ஒரு பங்குக்கு இது ரெண்டு பங்குன்னு போட்டேன், இட்லி மாதிரி வந்துச்சு. கலவைய இரும்புச் சட்டில போடாதீங்க, கரண்டி உரசுன எடமெல்லாம் கருப்புக் கோடு விழுது, பிளாஸ்டிக் டப்பு போதும். தண்ணி கிலோ சிமெண்டுக்கு 400-லேந்து 450 மில்லி, கையில புடிச்சா உருண்ட நிக்கணும், ஓடக்கூடாது. க்ளவுஸ் போட்டுக்கங்க, நான் போடாம ஒரு நாள் செஞ்சு விரல் நுனி பூரா அரிச்சு தோல் உரிஞ்சுச்சு.

இப்ப கலரு. சிவப்பு எடுத்தவுடனே புடிச்சுப் போச்சு, பழைய வீட்டுக் காவித்தர இருக்கும்ல அந்த செவப்பு அப்படியே வந்துச்சு. அது இரும்பு ஆக்ஸைடு, வெயில் மழை எதுக்கும் அசராது. மஞ்சளும் அதே சாதிதான், ஆனா தண்ணிய இழுக்கும், கலவ டக்குனு இறுகுற மாதிரி இருக்கும், பயந்து தண்ணிய ஊத்திறாதீங்க. கருப்பு வாங்கும்போது ஆக்ஸைடு கருப்பான்னு கேளுங்க, வெறும் கரித்தூள் கலர்னா மழைல கழுவிட்டுப் போயிரும். நீலந்தான் எனக்கு வாச்ச சோகம். பேரு ஊரு இல்லாத பாக்கெட்டு, மேல வெறும் "ப்ளூ"ன்னு மட்டும் இருந்துச்சு, ஊத்துன அன்னைக்கு மயில் கழுத்து மாதிரி மின்னுச்சு, ஒரு மாசத்துல பழைய லுங்கி கலருக்கு வந்துருச்சு. விசாரிச்சா அல்ட்ராமரின் நீலம், அதான் துணிக்குப் போடற நீலப்பொடி வகையறா, அது சிமெண்டுல நிக்காதாம். கோபால்ட் நீலம் நிக்கும், வெலயக் கேட்டுட்டு ஆசைய விட்டுட்டேன். பச்ச வேணும்னா குரோமியம் ஆக்ஸைடுன்னு கேட்டு வாங்குங்க.

கலர ஸ்பூன்ல அள்ளிப் போடற வேலையே வேணாம். சமையக்கட்டு எடை மெஷின்ல கிலோ சிமெண்டுக்கு 50 கிராம்னு நிறுத்துப் போட்டா ஒரு தொட்டியும் அடுத்த தொட்டியும் ஒரே கலர்ல வரும். 100 கிராமத் தாண்டக் கூடாது, அதுக்கு மேல போனா கலர் ஏறாது, பலந்தான் எறங்கும். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே சிமெண்டையும் கலரையும் காய வச்சே சலிச்சு கலந்துருங்க, இல்லன்னா தொட்டில அங்கங்க கலர் கட்டி தெரியும். ஈரத்துல பாக்குற கலரு காஞ்சா நல்லாவே வெளுக்கும், அதனால டீ கப்புல கிலோவுக்கு 20, 40, 60 கிராம் கணக்குல மூணு சாம்பிள் ஊத்தி காய விட்டுப் பாத்துட்டு தொட்டிக்குப் போங்க. நான் இத மொதல்லயே செஞ்சிருந்தா ஒரு பை மிச்சம்.

அச்சுக்கு ரெண்டு பிளாஸ்டிக் பக்கெட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வடை சுட்ட எண்ணெய உள்ள தடவுனேன், வெள்ளத் தொட்டில மஞ்சக் கற விழுந்துருச்சு, அடுத்த தடவ சோப்புத் தண்ணி தடவுனேன், சுத்தமா வந்துச்சு. ஒரு நாள் கழிச்சுக் கழட்டி ஈரச்சாக்கு போத்தி ஏழு நாள் வைங்க. செவப்புத் தொட்டில மட்டும் மேல வெள்ளையா உப்பு பூத்துச்சு, உள்ள இருக்குற சுண்ணாம்பு தண்ணியோட வெளிய வந்து காத்து பட்டு படியறதுதான் அது, கலக்கும்போது தண்ணி கூடிப்போனா இன்னும் அதிகமாகும். வினிகர்ல தண்ணி கலந்து தேய்ச்சேன், போயிருச்சு.

செலவ கொறைக்க ஒரு வழி இருக்கு. செட்டிநாட்டு ஆத்தங்குடி தரைக்கல்லு செய்யறத பாத்தவங்களுக்குத் தெரியும், கண்ணாடி மேல கலர் கலவைய மெல்லிசா ஊத்திட்டு பின்னாடி சாதா சிமெண்டு மணலத்தான் அமுக்குவாங்க. முழுக்க ஒயிட் சிமெண்டுல செஞ்சா எவனுக்குக் கட்டும்? நானும் மணிபிளாண்ட் வைக்கற பலகைய அப்படித்தான் ஊத்துனேன், மேல அர இஞ்சு மஞ்சள், கீழ சாதா கலவ, மேல் பூச்சு ஈரமா இருக்கும்போதே அடுத்தத போட்டதால இதுவரைக்கும் பிரியல.

தொட்டி ரெடியானதும் அன்னைக்கே செடிய வச்சிறாதீங்க, சிமெண்டுல இருக்குற சுண்ணாம்புக் காரம் வேர சுட்டுரும். ஒரு வாரம் தண்ணில முக்கி தெனமும் தண்ணிய மாத்துங்க. மொதத் தொட்டில அவசரப்பட்டு ரோஜா வச்சேன், பத்து நாள்ல இலை பூரா மஞ்சளாயி கொட்டிருச்சு.

சிமெண்டுக்கு அஞ்சுக்கு நாலரை. அந்த அரைய கொறைச்சது பைக்காக, ஒரு தடவ பிரிச்சா திரும்ப மூட வழியே இல்ல. கிளிப்பு போட்டு வச்ச மீதி ஒன்றரை கிலோ மழைக்காத்துல கல்லாயி இப்ப மாடிக்கதவு அடிக்காம இருக்க முட்டுக்கொடுத்துக்கிட்டு இருக்கு. கலர் பாக்கெட்டுல செவப்புக்கும் மஞ்சளுக்கும் நாலு, நீலத்துக்கு முட்டை.