சூடு மட்டுமே வீசும் கார் ஹீட்டர்: ஹோஸில் வால்வா, ஆக்சுவேட்டர் மாற்றமா?

டெம்பரேச்சர் நாபை நீலத்தின் கடைசி வரை திருப்பியும் வென்டில் அனல்தான் வருகிறது என்றால், இரண்டு வைத்தியம் சொல்வார்கள். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை (ஹீட்டர் ஹோஸ்) வெட்டி நடுவில் வால்வு போட்டு, சூடான கூலண்ட் (எஞ்சினின் குளிர்விப்புத் திரவம்) உள்ளே போகாமல் தடுப்பது ஒன்று. டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவான பிளெண்ட் டோரை அசைக்கும் சின்ன மோட்டாரை, அதாவது ஆக்சுவேட்டரை, மாற்றுவது மற்றொன்று. என் ஓட்டு ஆக்சுவேட்டருக்கே.

முதலில் கோளாறு எங்கே என்று பிடிக்க வேண்டும். ஏசியை ஓடவிட்டு, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலுக்குள் போகும் தடித்த அலுமினியக் குழாயைத் தொடுங்கள். அது சில்லென்று வியர்த்திருந்தும் வென்டில் சூடு வந்தால் ஏசி வாயு (கேஸ்) மேல் பழி போடாதீர்கள். குளிர்ந்த காற்றை ஹீட்டர் கோர் (சூடான கூலண்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) மறுபடி சூடாக்கி அனுப்புகிறது. பிறகு இக்னிஷனைப் போட்டுக் காது கொடுங்கள். டேஷ்போர்டுக்குள் சில நொடிகள் 'டக் டக்' என்று கேட்டால் ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறது. இருபக்கமும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் காரில் ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால், அந்தப் பக்கத்து ஆக்சுவேட்டர்தான் முதல் சந்தேகம். ஹோஸிலேயே கம்பெனி வால்வு உள்ள கார்களில் இந்தப் பட்டிமன்றமே வேண்டாம். அந்த வால்வு இறுகியிருக்கிறதா, அதன் கேபிள் நழுவியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தால் போதும்.

வால்வு போடுவது எளிது, மறுக்கவில்லை. ஹோஸின் உள்விட்டம் பெரும்பாலும் 16 அல்லது 19 மி.மீ. இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு வெட்டி, வால்வைச் சொருகி, இரண்டு கிளாம்ப் முடுக்கி, சிந்திய கூலண்டை நிரப்பி, காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது. ஆனால் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது கூலண்ட் சுற்றி வருவதே ஹீட்டர் வழியாகத்தான். அங்கே இரண்டு முனை வால்வு ஓட்டத்தையே அடைத்துவிடும். மூடினாலும் கூலண்டை எஞ்சினுக்கே திருப்பிவிடும் நான்கு முனை வால்வுதான் போட வேண்டும்.

என்னைத் தள்ளி நிற்க வைப்பது அதற்குப் பிறகு வரும் பராமரிப்பு. இரண்டு முனை வால்வு இரண்டு புது இணைப்பைச் சேர்க்கிறது, நான்கு முனை வால்வு நான்கு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் தளரும். வால்வின் மலிவான பிளாஸ்டிக் உடலில் விரிசல் விழும். ஒரு கிளாம்ப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கவனிக்காமல் ஓட்டினால் அடி விழுவது எஞ்சினுக்கு. மாதக்கணக்கில் மூடியே வைத்தால் ஹீட்டர் கோருக்குள் பழைய கூலண்ட் தேங்கிக் கிடக்கும். கண்ணாடியில் ஆவி படியும் நாளில் சூடு வேண்டுமென்றால் பானட்டைத் திறந்து வால்வைத் திருப்ப வேண்டும். நாபோ வெறும் அலங்காரம்.

ஆக்சுவேட்டரை மாற்றிவிட்டால் கூலண்ட் பக்கமே கை போகாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் அருகே கை போகும் என்பதால், சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். ஆக்சுவேட்டரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஸ்க்ரூதான். இடுக்கில் அவற்றை எட்டுவதுதான் பாடு. கழற்றியதும் டோரின் அச்சைக் கையால் திருப்புங்கள். இரு எல்லைக்கும் தடையில்லாமல் போக வேண்டும். இறுக்கமாக இருந்தால் உரிந்த ஃபோமோ குப்பையோ சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் அதன் பல்லும் போகும். உடைந்த பல்லைப் பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை.

மாட்டியபின் பேட்டரியை இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து, எந்தப் பட்டனையும் தொடாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். பல கார்களில் ஆக்சுவேட்டர் இரு எல்லையையும் தானே தொட்டுப் பார்த்து அளவெடுத்துக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேன் டூல் (காரின் கணினியோடு பேசும் கருவி) கட்டாயம். கம்பெனி பாகமா, வெளிப் பாகமா என்றால், வெளிப் பாகத்தின் ஆயுளுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். கனெக்டரிலுள்ள பின்களின் (pin) எண்ணிக்கையும் அச்சின் வடிவமும் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டே வாங்குங்கள்.

ஒரே ஒரு விலக்கு. ஆக்சுவேட்டர் சரியாகச் சுழன்றும் டோர் அசையவில்லை, அச்சே முறிந்திருக்கிறது என்றால், பல கார்களில் ஏசி வாயுவை வெளியேற்றி டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டிவரும். பழைய காருக்கு அவ்வளவு கூலி கட்டாது. அங்கே நான்கு முனை வால்வுக்கு வழிவிடலாம், மாதம் ஒருமுறை கிளாம்புகளைத் தடவிப் பார்க்கும் பொறுமை இருந்தால்.