எழுத கத்துக்க 8 வருஷமா செலவு பண்ணதுல இன்னிக்கும் கூட நிக்கிறது எது

முதல்லயே சொல்லிடறேன், நான் எழுத்தாளர் எல்லாம் இல்லைங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசர். பையருக்கு மெயில் அடிக்கிறது, டையிங்காரங்கள விரட்டுறது, சாம்பிள் கூரியர் போச்சான்னு பாக்குறது, இதான் பொழப்பு. ராத்திரி வீட்ல எல்லாரும் படுத்தப்புறம் கதை எழுதுவேன். 2017ல இருந்து இந்த ரெண்டு எழுத்துக்கும் சேத்து கோர்ஸ், வொர்க்‌ஷாப், கீபோர்டு, அகராதின்னு நெறைய காசு போட்டாச்சு. வாங்குன வாரத்துலயே எழுதுற ரிவ்யூ எங்க பாத்தாலும் கெடைக்குது, எல்லாமே சூப்பர்னு தான் இருக்கும், புது செருப்பு கடிக்குதா இல்லையான்னு கடைல நடந்து பாத்தா தெரியவா போகுது. அதான் இத்தன வருஷம் கழிச்சு எழுதுறேன்.

எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு மெயில். 2017, குழந்தைங்க டீஷர்ட் ஆர்டர், நேவி புளூ. டையிங்ல இருந்து வந்த 32 ரோல்ல 5 ரோல் மட்டும் பையர் ஓகே பண்ண லேப் டிப்ப (கலர் ஓகே வாங்க மொதல்ல சாயம் போட்டு அனுப்புற துண்டு துணி) விட ஒரு ஷேடு டார்க்கா வந்துருச்சு. அத அவங்களுக்கு சொல்லணும், அவ்ளோதான் வேல. நான் ஒன்றரை பக்கம் எழுதுனேன். 'ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்'ல ஆரம்பிச்சு, எங்க கம்பெனி குவாலிட்டிய எப்படி உயிரா நெனைக்குதுன்னு ஒரு பாரா, டையிங் யூனிட்ல பாய்லர் ரிப்பேர் ஆன கதை ஒரு பாரா, அதுக்கப்புறம் மூணாவது பாரா நடுவுல போயி 'ஸ்லைட் ஷேட் வேரியேஷன் இன் சம் ரோல்ஸ்', கடைசில 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'. சப்ஜெக்ட் லைன் 'ரிகார்டிங் ஆர்டர்'. பையரம்மா 'நோட்டட், தேங்க்ஸ்'னு பதில் போட்டாங்க, நானும் சரின்னுட்டாங்கன்னு நெனச்சு கட்டிங் போட சொல்லிட்டேன். இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டுச்சு. தூத்துக்குடில கப்பல் கெளம்பிருச்சு, திரும்ப தெச்ச பீஸ ஏர்ல அனுப்புனோம், செலவு எங்க தலைல. எங்க முதலாளிய அண்ணான்னு தான் கூப்பிடுவோம். அவரு திட்டவே இல்ல, அந்த மெயில பிரிண்ட் எடுத்து டேபிள்ல வெச்சு, "இதுல அவங்ககிட்ட நீ என்னம்மா கேட்டிருக்க?"ன்னாரு. மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன். ஒண்ணுமே கேக்கல.

அடுத்த வாரமே ஆன்லைன் பிசினஸ் ரைட்டிங் கோர்ஸ்ல சேந்தேன். 6 வாரம், 14,500 ரூவா, பேரு வேணாம். முடிச்சதுக்கு ஒரு சர்டிஃபிகேட்டும் 60 டெம்ப்ளேட்டும் குடுத்தாங்க. மொத மூணு மாசம் அந்த டெம்ப்ளேட் தெய்வம் மாதிரி இருந்துச்சு, லேட்டுக்கு ஒண்ணு, பேமென்ட் கேக்க ஒண்ணு, மன்னிப்புக்கு ஒண்ணு. ஒரு வருஷத்துல செத்துப் போச்சு. ஏன்னா எங்க பிரச்சன எதுவுமே அந்த டெம்ப்ளேட் அளவுக்கு வராது, எப்பவும் ஒரு ஓரத்துல பிதுங்கும். அந்த கோர்ஸ்ல இருந்து இன்னிக்கும் கையில இருக்குறது ரெண்டே விஷயம். ஒரு மெயில்ல ஒரு சமாச்சாரம் தான். அப்புறம் சப்ஜெக்ட் லைன்ல, அவங்க என்ன செய்யணும், எந்த தேதிக்குள்ள. இந்த ரெண்டுக்கு 14,500 அதிகமான்னு கேட்டா, ஏர் ஃப்ரெய்ட் பில்ல பாத்தவளுக்கு அதிகம் இல்ல. ஆனா பக்கத்து சீட்டுக்காரிக்கு டீ வாங்கிக் குடுத்தா இத அஞ்சு நிமிஷத்துல சொல்லிருப்பா, அதுவும் உண்மை.

2019ல கோயம்புத்தூர்ல ரெண்டு நாள் சிறுகதை வொர்க்‌ஷாப். 3,000 ரூவா, சாப்பாடு நல்லா இருந்துச்சு. அங்க சொன்ன ஒரு விஷயம் என்னை ஒரு வருஷம் பாடா படுத்துச்சு. 'சொல்லாதே, காட்டு.' சோகம்னு எழுதக்கூடாதாம், சோகத்த காட்டணுமாம். சரின்னு அதையே புடிச்சுக்கிட்டு, என் கதைல யாருக்கு மனசு சரியில்லேன்னாலும் குழாய்ல தண்ணி சொட்டும், ஜன்னல் தெரச்சீல ஆடும், டீ ஆடை கட்டும். அம்மா ஒரு கதைய படிச்சுட்டு, "ஏண்டி, அந்த குழாய யாராச்சும் மூடக்கூடாதா"ன்னாங்க. அன்னிக்கு வந்த கோவம் இருக்கே. ஆனா அவங்க சொன்னது தான் கரெக்ட், அந்த குழாய் யாரு வீட்டு குழாயா வேணா இருந்திருக்கலாம், அந்த கதைக்கு அதுல ஒண்ணும் வேலையே இல்ல.

அங்க குடுத்த ஒரு பயிற்சி மட்டும் இன்னும் செய்யறேன். ஒரு எடத்துல 15 நிமிஷம் உக்காந்து, கண்ணுல பாத்தத விட்டுட்டு காதும் மூக்கும் சொன்னத மட்டும் எழுதணும். எங்க தெருவுல உக்காந்தா ஓவர்லாக் மெஷின் சத்தம், பிரிண்டிங் பட்டறைல இருந்து வர்ற நெடி, கம்பெனி பஸ்ஸு ஹாரன். மாசம் ஒரு தடவ செய்வேன், இதுல மட்டும் 4 நோட்டு ரொம்பிருக்கு.

2020 லாக்டவுன்ல ஊரே மாஸ்க்கும் பிபிஇ டிரஸ்ஸும் தெச்சுட்டு இருந்தப்ப நான் தமிழ்99 கத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழ்ல வர வெக்கிறது தான். தமிழ்99 நம்ம கவர்ன்மென்ட் 1999ல அங்கீகாரம் பண்ண கீபோர்டு லேஅவுட். உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ அடிச்சா அம்மா வந்துரும், புள்ளி தானா விழும். ங அடிச்சு க அடிச்சாலும் அப்படித்தான், நாம புள்ளிய தேட வேண்டியதில்ல. மொத ரெண்டு வாரம் அழுகையே வந்துச்சு, மூணாவது வாரம் கை தானா போக ஆரம்பிச்சுது. ஸ்பீடு கூடினது ஒரு பக்கம், அத விட முக்கியம் மண்டைக்குள்ள இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஓடுறது நின்னுச்சு. வாக்கியமும் மாறுச்சுன்னு எனக்கு தோணுது, நிரூபிக்க எல்லாம் முடியாது. செலவு பூஜ்யம். லிஸ்ட்லயே அதிகம் பயன்பட்டது இதான்னு சொல்லலாம். வாய்ஸ் டைப்பிங்கும் பாத்தேன், மெஷின் சத்தத்துக்கு நடுவுல அது எழுதுன தமிழ நானே திரும்ப படிக்க முடியல, விட்டுட்டேன்.

க்ரியா அகராதியும் அதே வருஷம் வாங்குனேன். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழ ஒரு உதாரண வாக்கியம் இருக்கும், அத சும்மா படிச்சாலே வாக்கியம் எப்படி போடறதுன்னு ஒரு நிதானம் வரும்.

இனி தான் மெயின் மேட்டர்.

எங்க தெருவுல ரிட்டயர்டு தமிழ் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. 2021ல ஒரு நாள் கூச்சத்தோட கதைய அவங்ககிட்ட குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு குடுத்தாங்க, ஓரத்துல பென்சில்ல அங்கங்க எழுதிருந்தாங்க, 'வெற்றெனத் தொடுத்தல்', 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்'. எனக்கு சட்டுன்னு பத்தாங்கிளாஸ் ஞாபகம் வந்துருச்சு. நன்னூல்ல வர்ற பத்து குற்றம் தானே இது, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு அன்னிக்கே மறந்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுல எழுதுனது. பெருந்துறை பக்கத்துல இருக்குற சீனாபுரம் தான் அவரு ஊருன்னு எங்க பக்கம் சொல்லிக்குவாங்க, திருப்பூர்ல இருந்து பஸ்ல போயி வந்துரலாம். 14,500 கட்டி ஆன்லைன்ல கத்துக்கிட்டது பக்கத்து ஊர்க்காரர் 800 வருஷம் முன்னாடியே எழுதி வெச்சது தான்னு தெரிஞ்சப்ப சிரிப்பு தான் வந்துச்சு.

டீச்சர் கதைக்கு தான் அத போட்டாங்க. நான் பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல மானிட்டருக்கு கீழ ஒட்டிட்டேன். பழைய ஷேடு மெயில எடுத்து வெச்சு பாத்தா அத்தனையும் இருக்கு. குவாலிட்டி பாரா வெற்றெனத் தொடுத்தல், வெறும் வார்த்தைய கோத்து விட்டது. பாய்லர் கதை மற்றொன்று விரித்தல், சொல்ல வந்தத விட்டுட்டு வேற கதைய நீட்டுறது. 'சம் ரோல்ஸ்' குன்றக் கூறல், எத்தன ரோல்னு சொல்லல. 'ஸ்லைட்' மயங்க வைத்தல், எனக்கு ஸ்லைட், அவங்களுக்கு ரிஜெக்ட். 'டூ தி நீட்ஃபுல்' நின்று பயன் இன்மை, வார்த்தை நிக்குது, பயன் ஒண்ணும் இல்ல. அத இப்ப எழுதுனா நாலு வரி தான். 32 ரோல்ல 5 ரோல் ஒரு ஷேடு டார்க். அந்த 5 ரோல்ல ஒரே சைஸ் மட்டும் வெட்டி தனி பெட்டில போட்டா சொன்ன தேதிக்கு அனுப்பிரலாம், மறுபடி டை பண்ணா 6 நாள் தள்ளிப் போகும். எது வேணும்னு புதன்கிழமை இந்திய நேரம் சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்லுங்க. பதில் வர்ற வரைக்கும் கட்டிங் போட மாட்டோம். இதுக்கு 'நோட்டட், தேங்க்ஸ்'னு பதில் போடவே முடியாது பாருங்க.

கதைக்கு வர்றேன். எங்கப்பா டையிங் யூனிட்ல வேல பாத்தவரு. 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் டையிங் யூனிட் எல்லாம் மூடுனாங்கல்ல, அந்த மாசங்கள பத்தி ஒரு கதை எழுதணும்னு ரொம்ப நாளா ஆச. மொத டிராஃப்ட்ல நொய்யல்ல சாயத்தண்ணி விட்ட கதை, ஒரத்துப்பாளையம் அணைல அது தேங்கி நின்னது, கீழ இருக்குற விவசாயிங்க கேஸ் போட்டதுன்னு மூணு பக்கம். எல்லாம் நடந்தது தான், எல்லாம் முக்கியமானது தான். டீச்சர் மூணு பக்கத்துக்கும் ஒரே கோடு போட்டு ஓரத்துல 'மற்றொன்று விரித்தல்'னு எழுதிட்டு, "கண்ணு, உங்கப்பா எங்க இதுல?"ன்னு கேட்டாங்க. அப்பா நாலாவது பக்கத்துல தான் வர்றாரு, வந்தவுடனே 'மிகவும் மனமுடைந்து போனார்'னு ஒரு வரி. அவ்ளோ தான்.

அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சேன், அப்பா அந்த மாசங்கள்ல நெஜமா எப்படி இருந்தாருன்னு. ஞாபகம் வந்தது அவரு நகம். வேல இருந்த வரைக்கும் நகம் எப்பவும் ஏதாச்சும் கலரா இருக்கும், ஒரு வாரம் மெரூன், ஒரு வாரம் கரும்பச்ச, என்ன ஆர்டர் ஓடுதுன்னு அவரு சாப்பிடுற கைய பாத்தே சொல்லிரலாம். யூனிட்ட மூடினப்புறம் அடியில இருந்து வெள்ளையா வளர ஆரம்பிச்சுது. கலர் மேல மேல போயிட்டே இருந்துச்சு. ஒரு நாள் நகம் வெட்டுறப்ப கடைசி கலரும் பேப்பர்ல விழுந்துச்சு, அத அவரு கொஞ்ச நேரம் கைல வெச்சிருந்தாரு. இத எழுதுனேன், மூணு பக்கமும் போச்சு. அம்மா படிச்சுட்டு இந்த தடவ குழாய பத்தி எல்லாம் ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு அடுப்படிக்கு போயிட்டாங்க. அப்ப தான் எனக்கு அந்த 'காட்டு'ங்கறதே வெளங்குச்சு, 5 ரோல்னு எண்ணிச் சொல்றதும் அந்த நகமும் ஒரே வேல தான் செய்யுது.

நன்னூலோட இந்த பத்துலயும் குறை இல்லாம இல்ல. இது முழுக்க எழுதி முடிச்சதுக்கு அப்புறம் பாக்குறதுக்கு தான். மொத வரி எழுதுறப்ப இத நெனச்சீங்கன்னா கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிரும், 2022ல எனக்கு நாலு மாசம் அப்படி ஆச்சு, ஒரு பக்கம் கூட நகரல. இப்ப மொத டிராஃப்ட் எழுதுறப்ப அந்த பக்கமே திரும்ப மாட்டேன். இன்னொண்ணு, என் வாக்கியம் நீளமா போற வியாதிய இது குணமாக்கல, நீங்களே பாக்குறீங்க.

இப்ப ஏஐ வந்துருச்சே, இனி எதுக்கு கத்துக்கணும்னு ஆபீஸ்ல புதுசா வந்த புள்ளைங்க கேக்குதுங்க. நானும் யூஸ் பண்றேன், கிராமர் பாக்க நல்லா இருக்கு. ஆனா நான் 14,500 குடுத்து துரத்துன 'ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' இப்ப எல்லாரு மெயில்லயும் திரும்ப வந்து உக்காந்துருச்சு. எத்தன ரோல் டார்க்குன்னு நீங்க போயி எண்ணலேன்னா அதுவும் அழகா 'சம்'னு தான் எழுதிக் குடுக்கும். போன மாசம் ஒரு ஜூனியர் பொண்ணு மெயில்ல ஷிப்மென்ட் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'ன்னு போட்டிருந்தா, இந்த வெள்ளியா அடுத்த வெள்ளியா தெரியல. நான் பிரிண்ட்ல 'மயங்க வைத்தல்'னு எழுதிக் குடுத்தேன். மொகமெல்லாம் சிரிப்பா வந்து, "தேங்க்ஸ்க்கா, அவ்ளோ நல்லா இருந்துச்சா?"ங்கறா.

இதுவரைக்கும் 11 கதை பத்திரிகைக்கு அனுப்பிருக்கேன். ஒண்ணு ஒரு சிற்றிதழ்ல வந்துச்சு, சன்மானம் ரெண்டு பிரதி. ரெண்டு திரும்பி வந்துச்சு, மிச்சத்துக்கு பதிலே இல்ல. நகக் கதை இன்னும் போகல. முடிவு சரியில்லேன்னு டீச்சர் மூணாவது தடவையா 'சென்று தேய்ந்து இறுதல்'னு, அதாவது போகப் போக தேஞ்சு போகுதுன்னு, எழுதி குடுத்துட்டாங்க, போன தடவ அதுக்கு அடியில ரெண்டு கோடு வேற. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு, கடைசி பக்கத்த கிழிச்சுட்டு மறுபடி உக்காரணும்.