வேன் பள்ளியா, மாண்டிசோரியா, தெருமுனை அரசுப் பள்ளியா?

எங்கள் மூத்தவன் மூன்று வயதில் காலை ஏழரைக்கு வேன் ஏறினான். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி ஒன்றும் தூரமில்லை. ஆனால் வேன் கோட்டையூர்த் தெருவெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். இளையவள் அதே வயதில், நாலு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) நடக்கும் சின்ன மாண்டிசோரிப் பள்ளிக்கு என் கையைப் பிடித்து நடந்து போனாள். அவளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. அடுத்து எங்கே சேர்ப்பது என்று பார்த்ததில், தெருமுனை அரசுத் தொடக்கப் பள்ளியையும் உட்கார்ந்து கவனித்தேன். மூன்றையும் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் காலைப் பொழுது. பெரிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

மூத்தவனின் பள்ளியில் எல்.கே.ஜி.க்கே பீரியடு உண்டு. தமிழ், இங்கிலீஷ், ரைம்ஸ், டிராயிங். ஒரு படத்துக்குப் பாதி வண்ணம் அடித்திருப்பான், மணி அடித்துவிடும். வீட்டுக்கு வந்து மீதியை அடிக்க உட்காரவே மாட்டான். எதையும் முழுதாக முடிக்கும் பழக்கம் அவனுக்கு வர வெகுநாள் ஆனது. மாண்டிசோரியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணியே கிடையாது. பிள்ளை பாயை விரித்து, அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்து, செய்து முடித்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அதுவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஒருநாள் அனுமதி கேட்டு வளவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு வயதுப் பையன் ஒருவன் உருளைப் பலகையை வைத்திருந்தான். மரக்கட்டையில் பத்துக் குழி, அவற்றுக்குப் பொருந்தும் பத்து உருளை. ஒன்பதைப் போட்டுவிட்டான், கடைசி உருளை எஞ்சிய குழிக்குள் இறங்கவில்லை. அழுத்திப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். எனக்குக் கை பரபரத்தது, ‘அங்கே இல்லடா, இங்கே’ என்று சொல்ல வேண்டும் போல. அந்தப் பக்கம் இருந்த அக்கா (ஆசிரியரைப் பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்) பார்த்தார், வரவில்லை. பையன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் வரிசையாக நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினான். தப்பு எது என்று அந்தப் பலகையே காட்டிவிடுகிறது, பெரியவர் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் அதை அப்படி வடிவமைத்தார்.

அடுத்தது எழுத்து. வீட்டில் சண்டையே இதில்தான் வந்தது. “நாலு வயசாச்சு, இன்னும் ஒரு நோட்டுல எழுதலியே. பெரியவன் இந்த வயசுல பக்கம் பக்கமா எழுதுனானே ஆத்தா” என்று என் மாமியார், பிள்ளைகளின் அப்பத்தா, தினமும் கேட்பார். உண்மைதான். மூத்தவன் யு.கே.ஜி.யிலேயே நான்கு கோட்டு நோட்டு மூன்றை நிரப்பினான். ஆனால் கடைத்தெருவில் ‘பால்’ என்று எழுதியிருந்த பலகையை அவனால் வாசிக்க முடியவில்லை. பார்த்து எழுதத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை.

இளையவளுக்குக் கொடுத்தது உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. ட, ப, ம என்று வடிவம் எளிதானவை முதலில். விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் அப்பத்தாவையும் அழைத்துப் போனேன். ‘அ’ அட்டையின் மேல் இரண்டு விரலை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். “எங்கய்யா திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதித்தான் படிச்சாக” என்றார். சண்டை அத்தோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், பாதியாகக் குறைந்தது.

அட்டைக்கு அப்புறம் எழுத்துப் பெட்டி. தனித்தனியாக வெட்டிய எழுத்துகளைப் பாயில் அடுக்கிச் சொல் உண்டாக்குவது. பென்சில் பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே பிள்ளை ‘எழுதி’விடுகிறது. இந்த இடத்தில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஓலைக் கொட்டானை (சின்னக் கூடையை)ப் பார்த்து, அந்தச் சொல்லை அடுக்க உட்கார்ந்தாள் என் மகள். காதில் முதலில் கேட்பது ‘க்’, பிறகுதான் ‘ஒ’. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும், பிறகு க, அதன் பின்னால் கால். அவள் க வைத்து, கொம்பை வலப்பக்கம் வைத்து, அதற்கப்புறம் காலை வைத்தாள். கேட்டபடியே வைத்திருக்கிறாள், அதில் பிழை சொல்ல முடியாது. அக்கா அன்று கலைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ‘கொ’ முழுதாக எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை அடுக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

இத்தாலிய மொழிக்காகச் செய்த பெட்டியில் இந்தச் சிக்கலுக்கு விடை இருக்காது. 247 எழுத்துள்ள நம் மொழிக்குப் பள்ளியேதான் உட்கார்ந்து பெட்டி செய்ய வேண்டும். அதனால் மாண்டிசோரி என்று பலகை மாட்டிய பள்ளிக்குப் போனால் நான் முதலில் கேட்பது, ‘தமிழ் எழுத்துப் பெட்டி இருக்கிறதா?’ ஆங்கிலப் பெட்டி மட்டும் இருந்தால் அந்தப் பள்ளியை எனக்குப் பிடிக்காது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. இரண்டரை வயதிலிருந்து ஆறு வரை ஒரே அறையில் கலந்திருக்கிறார்களா, ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்று இருந்து பிள்ளைகள் முறைக்குக் காத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வரிசையாக டெஸ்க், ஆளுக்கொரு செட் என்றால் அது வேறு பள்ளி.

‘வெளிநாட்டு முறை நம்ம ஊருக்கு எதுக்கு’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது இது. 1939இல் அம்மையாரே அடையாறு வந்து ஓலைக் கொட்டகையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, 1942 முதல் இரண்டு ஆண்டு கொடைக்கானலில் பிள்ளைகளோடு வேலை செய்தார். நம் மண்ணிலும் வளர்ந்த முறைதான்.

இனி அரசுப் பள்ளி. இதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் உள்ளே போய்ப் பார்த்த பிறகு மாறியது. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. வயது கலந்து உட்கார்ந்திருப்பது மாண்டிசோரியில் விரும்பிச் செய்தது, இங்கே வேறு வழியில்லாமல் நடந்தது. ஆனால் அதையே பலமாக்கிக்கொள்ளும் வழி தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பழக்கமானதுதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் மாண்டிசோரியின் சாயலும் உண்டு. ஏணி (பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் அட்டவணை), அட்டைகள், தரையில் குழு, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை எல்லாம் அப்போது வந்தவை. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் படிக்கிறார்கள். காலைச் சிற்றுண்டி வேறு. தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவதை எங்கள் மாண்டிசோரிப் பள்ளியால் கொடுக்க முடியவில்லை. அங்கே கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான்.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியர் தேர்தல் வேலை, பயிற்சி என்று போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் சமாளிக்க வேண்டும். சிறிய மாண்டிசோரியும் இதில் மேலில்லை. எங்கள் பள்ளியில் ஒரு அக்கா பிரசவத்துக்குப் போனபோது நாலு மாதம் எதுவும் சரியாக நடக்கவில்லை. பொருள்கள் அலமாரியில் இருந்தன, எடுத்துக் காட்டத்தான் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. அந்த நாலு மாதமும் கட்டணம் முழுசாகக் கட்டினோம், வருத்தம் இன்னும் இருக்கிறது.

வேன் பள்ளிக்கும் நியாயம் உண்டு. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை நாலரைவரை பிள்ளை பத்திரமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை இடம் தேடி அலைய வேண்டாம். மூத்தவன் இப்போது நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேர வேன் பயணம் தேவையில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அதனால் என் முடிவு: ஆறு வயதுவரை, நடக்கிற தூரத்தில் உண்மையான மாண்டிசோரி இருந்தால் அது. இல்லாவிட்டால் அங்கன்வாடி, வீட்டில் சமையலறை வேலையில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வது. பருப்பை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றவும், சிந்தினால் துடைக்கவும் பள்ளி தேவையில்லை. ஒன்றாம் வகுப்புக்குத் தெருமுனைப் பள்ளி.

போன வாரம் மகளை அங்கே கூட்டிப் போனேன். தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டோடு எழுந்து வந்தார். அதற்குள் இவள் சுவரோரக் கரும்பலகையைப் பார்த்துவிட்டாள். குந்தி உட்கார்ந்து, கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் கூப்பிடப் போனேன். ஆசிரியை என் கையைத் தொட்டு நிறுத்தி, பதிவேட்டை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை நின்றார்.