பிரேக் ஒயருக்குக் கியர் அவுட்டர்: சைக்கிள் வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க

திருநெல்வேலி ஜங்ஷன், டவுன், பாளை பக்கம் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அண்மையில் பிரேக் ஒயர் மாற்றியவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். படித்த கையோடு சைக்கிள் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் போக்கில் நடக்கட்டும். இன்னொரு வீட்டுப் பிள்ளை விழக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கியர் சைக்கிள், முன்னும் பின்னும் வி பிரேக், அதாவது ரிம்மின் இரு பக்கமும் இரண்டு பிரேக் கைகள் கட்டைகளை அழுத்துகிற வகை. மழைக்காலம் வருமுன்னே பிரேக்கைச் சரிபண்ணிவிடலாம் என்று கடையில் விட்டோம். "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் இன்னர், அவுட்டர், பிரேக் கட்டை எல்லாம் புதுசாப் போட்டுத் தாரேன். முழு செட்டு" என்றார் கடைக்காரர். இன்னர் என்பது லீவரிலிருந்து பிரேக்கை இழுக்கிற உள்கம்பி, அவுட்டர் அதை மூடியிருக்கிற உறை. 850 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "சைக்கிள் வேலைக்கு யாரு அண்ணாச்சி பில்லு போடுதா?" என்றார். கடையில் நின்று லீவரை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.

ஓட்டத் தொடங்கியதும் அவள் சொன்னது, "அப்பா, பிரேக் புடிச்சா கீச்சுங்குது, விட்டா சட்டுன்னு திரும்ப மாட்டேங்கு." திரும்பக் கொண்டுபோனோம். லீவர் வாயில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, "புதுசுல அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட்டாயிரும்" என்று அனுப்பிவிட்டார்.

ஈரடுக்குப் பாலத்தின் இறக்கத்தில் அவளுக்கு முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. வலது கையை முழு பலத்தோடு அழுத்தியிருக்கிறாள். டப்பென்று ஒரு சத்தம், லீவர் நேராக ஹேண்டிலில் போய் ஒட்டிக்கொண்டது. முன் பிரேக் சுத்தமாக இல்லை. பின் பிரேக் பாதிக்குப் பிடித்ததால் வேகம் கொஞ்சம் குறைந்து ஆட்டோவின் பின்னால் மோதினாள். முகவாயில் தையல், முழங்கையில் தோல் வழண்டுவிட்டது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கூட்டிவந்தோம். பின்னால் பஸ் எதுவும் வராதது எங்கள் குலசாமி புண்ணியம்.

மறுநாள் என் மச்சினனும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினோம். அவன் அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் வேலையைச் சின்ன வயதிலேயே கற்றவன். முன் அவுட்டரைக் கையில் எடுத்ததுமே, "மச்சான், இது பிரேக் அவுட்டரே இல்ல" என்றான்.

லீவருக்குக் கீழே வளையும் இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் நீளவாக்கில் கிழிந்து, உள்ளேயிருந்து மெல்லிய கம்பிகள் துடைப்பக்குச்சி மாதிரி விரிந்து நின்றன. அது கியருக்குப் போடுகிற அவுட்டர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே கட்டுமானமே வேறு. பிரேக் அவுட்டருக்குள் தட்டையான கம்பி ஒன்று ஸ்பிரிங் போலச் சுற்றிச் சுற்றிப் போகும். எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சுற்று ஒன்றின்மேல் ஒன்று முட்டி நிற்குமே தவிர வெடிக்காது. கியர் அவுட்டரில் கம்பிகள் சுற்றாமல் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். கியர் துல்லியமாக மாறுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். கியருக்கு வேண்டிய இழுப்பு மிகக் குறைவு. பிரேக்கின் இழுப்பு அதைப்போல் பல மடங்கு. அந்தக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது மேலேயுள்ள பிளாஸ்டிக் மட்டும்தான். பலமாக அழுத்தினால் கம்பிகள் பக்கவாட்டில் பிதுங்கி அதைக் கிழித்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், கியர் அவுட்டர் போட்டால் லீவர் இன்னும் கெட்டியாகவே தெரியும். மெதுவாகப் பிடிக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. உயிருக்கு அவசரமாக முழு பலத்தில் அழுத்துகிற அந்த நேரத்தில்தான் வெடிக்கும்.

இன்னரும் புதுசு இல்லை. லீவரைத் திறந்து, இன்னர் முனையில் லீவருக்குள் மாட்டியிருக்கும் உருளைத் தலையை வெளியே எடுத்துப் பார்த்தோம். தலைக்கு ஒட்டினாற்போல இழைகள் அறுந்து சுருண்டு கிடந்தன. கம்பி முழுக்கச் செந்துரு, அதன்மேல் எண்ணெய். லீவர் திரும்பாததற்குக் காரணம் அந்தத் துருதான். புதிய அவுட்டருக்குள் பழைய இன்னரைச் செருகிவிட்டால் வெளியே யாருக்குத் தெரியப்போகிறது?

பிரேக் கட்டைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பழைய கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்துப் புதுசு போலக் காட்டியிருக்கிறார். தண்ணீர் வடிகிற பள்ளம் முக்கால்வாசி தேய்ந்துபோயிருந்தது. ரப்பருக்குள் ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்குகள் மினுமினுவென்று பதிந்திருந்தன. அவை ரிம்மையும் கீறிவிடும். பொருத்தியதும் சரியில்லை. ஒரு கட்டையின் மேல் விளிம்பு டயரில் உரசிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் டயரின் பக்கச்சுவரே அறுந்திருக்கும்.

இதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனோம். "ஒயரு இழுக்கத்தான் செய்யும் அண்ணாச்சி, நீங்க டைட்டு வச்சிருக்கணும்" என்றார். புதிதாகப் போட்ட ஒயர் கொஞ்சம் தளரும், அது உண்மைதான். அவுட்டரின் முனைகள் அதனதன் இடத்தில் போய் உட்காருவதால் வருகிற தளர்வு அது. லீவர் பக்கத்துத் திருகை ஓரிரு சுற்று வெளியே விட்டால் தீர்ந்துவிடும். அவுட்டர் கிழிந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

காசு கொடுக்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். வெட்டிய அவுட்டர் முனையைக் காட்டச் சொல்லுங்கள். சுருள் தெரிந்தால் பிரேக் அவுட்டர். வட்டமாகப் புள்ளி புள்ளியாகக் கம்பி முனைகள் தெரிந்தால் கியர் அவுட்டர், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பிரேக் அவுட்டர் 5 மில்லிமீட்டர், கியருக்கு 4. இன்னரும் அப்படித்தான், பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6, கியருக்கு 1.2 மில்லிமீட்டர். பழைய இன்னர், பழைய கட்டை எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழையது உங்கள் கையில் இருந்தால் அதையே திரும்பப் போட முடியாது.

கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும், டயரிலும் படக் கூடாது, ரிம்முக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மில்லிமீட்டர் முந்தி ரிம்மைத் தொடுகிற மாதிரி வைத்தால் கீச்சுச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் உரசினால் பிரேக் கையின் அடியிலுள்ள சின்னத் திருகைத் திருப்பி ஸ்பிரிங்கைச் சமப்படுத்தச் சொல்லுங்கள், ஒயரை வளைத்து இழுப்பதில் பயனில்லை. கம்பியைப் பிடிக்கும் நட்டு நன்றாக முறுக்கியிருக்கிறதா, முனையில் மூடி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு சைக்கிளின் பக்கத்தில் நின்று முன் லீவரை இரண்டு கையாலும் உங்கள் முழு பலத்தோடு அழுத்துங்கள். ஏதாவது அறுவதாக இருந்தால் கடை வாசலிலேயே அறுந்து தொலையட்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். இரும்பு ரிம் உள்ள பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடுதல் கவனமாக இருங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் நல்ல கட்டைகூட அலுமினியத்தில் பிடிக்கிற மாதிரி பிடிக்காது.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பொருளுக்கோ வேலைக்கோ பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில்தான் புகாரைப் பதிந்தேன். போனில் பணம் அனுப்பிய விவரமும் பிரித்தெடுத்த பாகங்களின் படங்களும் இருந்ததால் பில் இல்லாவிட்டாலும் பதிய முடிந்தது. பணம் இன்னும் வரவில்லை. அந்தக் கியர் அவுட்டரையும் துருப்பிடித்த இன்னரையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் சைக்கிளிலும் இப்படி ஏதாவது கண்டால் கழற்றுவதற்கு முன்னாலேயே நிதானமாகப் படம் எடுத்துவிடுங்கள், அவுட்டர் முனை தெளிவாகத் தெரிகிற மாதிரி.