ஸ்டார் ட்ரெக் ப்ளூ-ரே: பழைய என்டர்பிரைஸைப் பழையபடியே பார்க்கலாம்

1966-இல் தொடங்கிய முதல் ஸ்டார் ட்ரெக் தொடரை, அதாவது என்டர்பிரைஸ் என்ற விண்கலத்தில் கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் டாக்டர் மெக்காயும் வரும் அந்தத் தொடரை, ப்ளூ-ரேயில் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். மூன்று சீசன், 79 எபிசோட், ஒன்றுகூட விடுபடவில்லை. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் இதைப் பார்த்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் கருப்பு வெள்ளை டிவி, ஆன்டெனா தயவு இருந்தால்தான் படம், அதில் கிர்க் சட்டையும் ஸ்பாக் சட்டையும் எல்லாமே சாம்பல் நிறம்தான். இப்போது இன்ஜினியர் ஸ்காட்டியின் சிவப்பும் ஸ்பாக்கின் நீலமும் கண்ணைப் பறிக்கின்றன.

இவ்வளவு பழைய தொடர் எப்படி இத்தனை துல்லியமாகத் தெரிகிறது என்றால், அதை 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்திருந்தார்கள், அந்த நெகட்டிவையே புதிதாக ஸ்கேன் செய்து 2006-இலிருந்து மெருகேற்றினார்கள். அதோடு நிற்காமல் விண்கலக் காட்சிகளையெல்லாம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் மறுபடி செய்தும் விட்டார்கள். ரசிகர்களுக்குள் சண்டையே இதில்தான். 2009-இல் வந்த இந்த ப்ளூ-ரே அந்தச் சண்டைக்கு நல்ல தீர்வு வைத்திருக்கிறது. ரிமோட்டில் ஆங்கிள் பட்டனை அழுத்தினால் போதும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாறிக்கொள்ளலாம். வேறு எந்த வசதியும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

நான் பெரும்பாலும் பழையதில்தான் பார்க்கிறேன். என்டர்பிரைஸ் மாடல் கிட்டத்தட்ட 11 அடி நீளம், பெரும்பகுதி மரம், இன்றைக்கும் வாஷிங்டன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளக்குகளுக்கான வயர்கள் இடது பக்கமாகத்தான் உள்ளே போயின, அதனால் அந்தப் பக்கத்தை முழுசாகச் செய்யவே இல்லை. கலம் திரையில் அநேகமாக எப்போதும் வலப்பக்கம் நோக்கியே போவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். கைவசம் இருந்த கொஞ்சம் காசில் ஒரு பிரபஞ்சத்தையே கட்டியிருக்கிறார்கள், அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. வாராவாரம் கலத்தைத் தரையிறக்கிக் காட்ட பட்ஜெட் இல்லை என்பதால் பிறந்ததுதானே, ஆட்களை ஒரு நொடியில் கலத்திலிருந்து கிரகத்துக்கு அனுப்பும் அந்த டிரான்ஸ்போர்ட்டர்! மெக்காய் கையில் இருக்கும் மருத்துவக் கருவிகளைக் கூர்ந்து பாருங்கள், சில உப்புக் குப்பிகள். இந்தத் தெளிவில் அதெல்லாம் நன்றாகவே தெரிகிறது. விதிவிலக்காக 'தி டூம்ஸ்டே மெஷின்' மட்டும் புதியதில் பாருங்கள். பழையதில் சிதைந்த கான்ஸ்டலேஷன் கலம் கடையில் கிடைத்த பிளாஸ்டிக் கிட்டில் செய்தது, அந்தக் கதையின் பயங்கரத்துக்கு அது போதவில்லை.

என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான எபிசோட் முதல் சீசனில் வரும் 'தி டெவில் இன் தி டார்க்'. ஒரு சுரங்க கிரகம், வேலையாட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், இருட்டில் ஏதோ ஒரு மிருகம். துரத்திப் போனால் அது ஹோர்ட்டா, பாறையைத் தின்று வாழும் சிலிக்கான் உயிர். சுரங்கத்தில் உருண்டையாகக் கிடந்து, வேலையாட்கள் உடைத்துத் தள்ளியதெல்லாம் அதன் முட்டைகள். ஸ்பாக் அதன் மேல் கையை வைத்து, அதன் வலியைத் தன் வாயால் கதறுவாரே, அந்த இடத்தில் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அப்புறம் மெக்காய், நான் டாக்டர், கொத்தனார் இல்லை என்று புலம்பிக்கொண்டே காயத்துக்கு கான்கிரீட் பூசிவிட்டு, கையெல்லாம் அப்பிக்கொண்டு சந்தோஷமாக நிற்பார். இந்தப் படப்பிடிப்பின் நடுவில்தான் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் அப்பா இறந்த செய்தி வந்ததாம், அன்றைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். ப்ளூ-ரேயில் குகையின் தரை கல்யாண மண்டபத் தரை மாதிரி மட்டமாக இருப்பது தெரிகிறது, ஹோர்ட்டா வேஷத்துக்குள் ஒரு ஆள் தவழ்கிறார் என்பதும் தெரிகிறது. தெரிந்தும் ஹோர்ட்டா மேல் பரிதாபம் ஒரு துளி குறையவில்லை. எதிரி என்று நினைத்தது ஒரு தாய் என்பதை ஐம்பதே நிமிடத்தில், எந்தப் பிரசங்கமும் இல்லாமல் சொன்னவர்கள் இவர்கள்.

ஒலியைப் பொறுத்தவரை 7.1 இருக்கிறது, பழைய மோனோவும் இருக்கிறது. நான் மோனோ கட்சி. தமிழ் சப்டைட்டில் கிடையாது, ஆங்கில சப்டைட்டில் உண்டு, ஸ்காட்டி பேசும் ஸ்காட்லாந்து ஆங்கிலத்துக்கு அது கட்டாயம் தேவைப்படும். நான் வாங்கிய இடத்தில் பேக்கிங் சரியில்லை, ஒரு டிஸ்க் கழன்று பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தது, நல்லவேளை கீறல் விழவில்லை. வந்ததும் எல்லா டிஸ்க்கையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது சீசன் சுமார்தான். பட்ஜெட்டை வெட்டினார்கள், வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள், எழுத்தும் தளர்ந்துவிட்டது. 'ஸ்பாக்ஸ் ப்ரெய்ன்' என்ற அதன் முதல் எபிசோடை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. டிவி நிறுவனம் நிராகரித்த முதல் பைலட், அதாவது முன்னோட்ட எபிசோட், 'தி கேஜ்' அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. கிர்க்குக்கு முன்னால் ஜெஃப்ரி ஹன்டர் கேப்டனாக நடித்தது, அதில் ஸ்பாக் சிரிக்கக்கூடச் செய்வார்!

சீசன்கள் தனித்தனியாகவும் விற்கின்றன. மொத்தமாக வாங்கக் கையைக் கடித்தால் முதல் சீசனை மட்டும் எடுங்கள், 29 எபிசோட், ஏழு டிஸ்க். 'பேலன்ஸ் ஆஃப் டெரர்', 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' இரண்டும் அதிலேயே வந்துவிடும். டிரிபிள்கள் என்ற அந்தப் புசுபுசு ரோமப் பந்துப் பிராணிகள் வேண்டுமென்றால் மட்டும் இரண்டாவது சீசனுக்குப் போக வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.